காபி இருக்கா?

மாடிப்படி இறங்கி, நீண்ட வராந்தா கடந்து, ஆசையாக ஒரு காபி குடிக்கப் போகிறீர்கள். ஜாடி காலி. அடியில் கசண்டு மட்டும்தான் மிச்சம். எப்படி இருக்கும் உங்களுக்கு?

1991-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் இதுதான் தினசரி ரோதனை. காபிக்குப் பங்காளிகள் சுமார் பதினைந்து பேர். மெஷின் ஒன்றே ஒன்று. அது இருந்தது ‘ட்ரோஜன் ரூம்’ என்ற அறையின் வாசலில். அந்த அறைக்காரர்களுக்குக் கவலையில்லை. வாசனை வந்ததும் எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாம். வேறு மாடியில் இருப்பவர் வந்து சேர்வதற்குள்? போயே போச்சு!

நாமாக இருந்தால் ஆபீஸ் பையனை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருப்போம். அவர்கள் கம்ப்யூட்டர்காரர்கள் ஆயிற்றே! ஒரு கேமராவை எடுத்து, ஜாடியைப் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் மாட்டினார்கள். வயரைத் தரைக்கு அடியில் இழுத்து, அறைக்குள் இருந்த ஆக்கார்ன் கம்ப்யூட்டரில் சொருகினார்கள். கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டர் படமாகப் பிடித்துக்கொள்ளும். படத்தை அனுப்பும் ப்ரோகிராமை எழுதியவர் பால் ஜார்டெட்ஸ்கி. அதை மற்றவர்களின் திரையில் ஒரு மூலையில் காட்டும் ப்ரோகிராம், க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸர் உபயம்.

நிமிடத்துக்குச் சுமார் மூன்று படம். 128-க்கு 128 புள்ளிகள். கலர் கிடையாது. அதனால் என்ன? ஜாடியில் காபி இருக்கா, இல்லையா? அது தெரிந்தால் போதுமே.

இதுவரை இது வீட்டு விஷயம். பார்த்தவர்களும் அவர்களே, குடித்தவர்களும் அவர்களே.

1993-ல் இணையப் பக்கங்களில் படம் காட்டும் வசதி வந்தது. அந்த வருடம் நவம்பரில், அதே கூடத்தின் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் ஜாடியை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். ஊர் உலகத்திலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். அதில் ஒரு சொட்டுகூட அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் பார்த்தார்கள். உலகின் முதல் வெப்கேம் என்று பேராகிவிட்டது.

ஆராய்ச்சிக்கூடம் புதுக் கட்டடத்துக்கு இடம் மாறியதால், 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் தெரிவது, ஸ்விட்சை அணைக்கும் விரல்கள்.

நான் பி.காம். படித்தவன். அடிபட்ட பழைய காபி மெஷினுக்குத் தேய்மானம் எழுதினால் மிஞ்சுவது பூஜ்யம். ஆனால் ஏலத்தில் அதை ஜெர்மனியின் ‘ஸ்பீகல்’ பத்திரிகையின் இணையப் பிரிவு எடுத்த விலை 3,350 பவுண்டு! குட்வில் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

சிரித்தாயிற்றா? இனி கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். தெருமுனையில், லிஃப்டில், பள்ளிக்கூட வராந்தாவில், டீக்கடை கல்லாவுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் கேமரா. அன்றைக்கு அது பார்த்தது ஒரு ஜாடியை. ஜாடிக்கு மான அவமானம் கிடையாது. அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது நீங்கள்.

கேம்பிரிட்ஜில் வயரின் அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காபி தேவைப்பட்டது. உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன வேண்டும்? கேட்டுவைப்பதில் தப்பில்லை.