கூகுள் புத்தகத் தேடல் வழக்கு

கூகுள் புத்தகத் தேடல் வழக்கு என்பது, பதிப்புரிமை உள்ள நூல்களை உரிமையாளரின் அனுமதியின்றி முழுமையாக மின்வருடித் தேடத்தக்க தரவுத்தளமாக்குவது உரிமை மீறலா என்பது குறித்து அமெரிக்காவில் 2005 முதல் 2016 வரை நடைபெற்ற வழக்கு ஆகும். அமெரிக்க எழுத்தாளர் சங்கமும் சில எழுத்தாளர்களும் கூகுள் நிறுவனத்திற்கு எதிராக இவ்வழக்கைத் தொடுத்தனர். இறுதியில் கூகுள் வென்றது.

பின்னணி

ஆர்வர்டு, மிச்சிகன், இசுட்டான்போர்டு, ஆக்சுபோர்டு பல்கலைக்கழக நூலகங்களிலும் நியூயார்க் பொது நூலகத்திலும் உள்ள நூல்களை மின்வருடும் திட்டத்தைக் கூகுள் 2004 டிசம்பரில் அறிவித்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் முழுமையாகவும், ஏனையவை சிறு துணுக்குகளாகவும் தேடலில் காட்டப்பட்டன. தம் நூலை விலக்க விரும்புவோர் தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும். படியெடுப்பவரே முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்னும் வழமைக்கு இது நேர்மாறானது. எழுத்தாளர்களின் எதிர்ப்புக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

நிராகரிக்கப்பட்ட உடன்பாடு

2008 அக்டோபரில் இரு தரப்பும் 12.5 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டிற்கு வந்தன. இதன்படி, ஏற்கனவே மின்வருடப்பட்ட நூல் ஒவ்வொன்றிற்கும் குறைந்தது 60 டாலரும், பின்னர் கிடைக்கும் வருவாயில் 63 விழுக்காடும் உரிமையாளர்களைச் சேரும். ஆனால் உரிமையாளர் எவரெனத் தெரியாத நூல்கள் மீது கூகுளுக்கு மட்டும் தனியுரிமை போன்ற நிலை உருவாகும் என்றும், அத்தகைய நூல்களின் நிலையைச் சட்டமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறி, நீதிபதி டென்னி சின் 2011 மார்ச்சில் இதனை நிராகரித்தார். எழுத்தாளர்களுக்குக் கிடைக்கவிருந்த பணமும் இதனால் கைநழுவியது.

தீர்ப்பு

2013 நவம்பரில் அதே நீதிபதி, கூகுளின் செயல் 'நியாயமான பயன்பாடு' எனத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 அக்டோபரில் இதை உறுதி செய்தது. நூல் முழுவதும் படியெடுக்கப்பட்டாலும், எந்த நூலில் எச்சொல் உள்ளது எனக் கண்டறிவது நூலை வாசிப்பதினின்று வேறான நோக்கம் என்பது அதன் வாதம். துணுக்குகள் நூலுக்கு மாற்றாக அமையுமா என்பதையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒரு துணுக்கு பொதுவாகப் பக்கத்தின் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு பத்துப் பக்கங்களிலும் ஒரு பக்கம் முற்றிலும் மறைக்கப்பட்டிருந்தது. ஒரு துணுக்கே போதுமானதாகிவிடக்கூடிய அகராதி, சமையல் நூல் போன்றவற்றிற்குத் துணுக்குகள் காட்டப்படவில்லை. இத்தடைகள் இல்லாதிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கக்கூடும். 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

பின்விளைவுகள்

செயற்கை அறிவுத்திறன் நிறுவனங்கள் மீதான வழக்குகளிலும் இதே வாதம் எழுந்துள்ளது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீதான வழக்கில், விலைக்கு வாங்கிய நூல்களை மின்வருடி மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடே என 2025 சூனில் நீதிபதி வில்லியம் ஆல்சப் கூறினார். திருட்டுத் தளங்களிலிருந்து பதிவிறக்கிய படிகளுக்கு அப்பாதுகாப்பை அவர் மறுத்தார். அதன்பின் அந்நிறுவனம், நூலொன்றிற்கு ஏறத்தாழ 3,000 டாலர் வீதம், மொத்தம் 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது.