நிலவெப்ப உப்புநீக்கம்: சேலம், நாமக்கல் சமவெளி

நிலவெப்ப உப்புநீக்கம் என்பது பூமிக்கடியில் உள்ள வெப்பத்தால் உவர்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீர் பெறும் முறை. சுடுநீர் அதிக ஆழமில்லாமலே கிடைக்கும் இடங்களில் இது கைகூடும். கிரேக்கத்தின் கிமோலோஸ் தீவில் 188 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து வந்த சுமார் 61 பாகை செல்சியஸ் நீரைக் கொண்டு நாளொன்றுக்கு 80 கனமீட்டர் நன்னீர் எடுத்துக் காட்டினார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் உவர்நீருக்குப் பஞ்சமில்லை, வெப்பத்துக்குத்தான் பஞ்சம். இரண்டையும் விளங்கிக்கொள்ள அங்குள்ள பாறையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பாறைகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் முன்னோடிகள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவர். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு பகுதிகளின் நில அமைப்பைப் பற்றிய அவர்களது நூல் 1864-இல் வெளிவந்தது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த சென்னைக் கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். மலையடிவாரச் சமவெளியில் இருப்பது நைஸ் எனப்படும் வரிப்பாறை. கஞ்சமலையில் இரும்புத்தாது, சேலத்தை ஒட்டிய குன்றுகளில் வெள்ளைக்கல் என்று மக்கள் சொல்லும் மாக்னசைட், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்று வகைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. சித்தம்பூண்டிக் கல் நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அதைப் பொடித்துத்தான் சோதனைக்கான செயற்கை நிலாமண் செய்தது. சங்ககிரி, திருச்செங்கோடு மலைகளின் கிரானைட் இவற்றையெல்லாம்விட இளையது.

இவை நீரைத் தேக்கும் பாறைகள் அல்ல. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். மழை குறைந்த ஊரில் அந்த நீர் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்து கால்சியம், மக்னீசியம், சோடியம், சில இடங்களில் ஃபுளோரைடு ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. சாயப்பட்டறைக் கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் திருமணிமுத்தாற்றங்கரை போன்ற இடங்களில் நிலைமையை மோசமாக்கின. ஆனால் உவர்ப்பின் மூலம் பாறைதான். நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாவால் தரம் பிரிப்பது ஊர் வழக்கம். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்பதும் ஒரு பகுப்பே. அது கடினத்தன்மையைச் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடுக்கு இந்த வரம்புகள் 1, 1.5 மில்லிகிராம். வாயில் உவர்க்காத ஃபுளோரைடை நாக்கு கண்டுபிடிக்காது என்பது ஊர்ப் பகுப்பின் குறை.

இனி வெப்பம். பாறைக்குள் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் பிறக்கும் வெப்பம் நிலவெப்பத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. சார்னோகைட் போன்ற ஆழ்நிலப் பாறைகள் உருவானபோதே இவற்றில் பெரும்பகுதியை இழந்துவிட்டன. அதனால் இந்தப் பழம்பாறை நிலம் குளிர்ந்தது. அண்டையிலுள்ள கோலார் தங்கச் சுரங்கம் இதற்குச் சான்று. 2001-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அந்த ஆழத்திலும் பாறையின் சூடு 65 பாகையை ஒட்டியே இருந்தது. சமவெளியில் ஆயிரம் அடி போட்ட ஆழ்துளைக் கிணற்றின் அடியில், இந்தக் கணக்குப்படி, மேல்மட்டத்தைவிட நான்கைந்து பாகைதான் கூடுதல்.

பழம்பாறையில் வெந்நீரே வராது என்பதில்லை. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில், இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறுகளில் 40 பாகையை ஒட்டிய நீர் ஊறுகிறது. மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீண்டும் மேலே வருவதே காரணம். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீரூற்றுகள் பதிவாகியுள்ளன. அந்தப் பட்டியலில் சேலமும் நாமக்கல்லும் இல்லை.

ஆழத்தில் 70 பாகை நீர் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,350 கிலோஜூல் வேண்டும். 70 பாகையிலிருந்து 50-க்குக் குளிரும் ஒரு கிலோ நீர் தருவது 84 கிலோஜூல். ஒரே கட்டமாக வடித்தால் ஒரு குடம் நன்னீருக்கு 28 குடம் சுடுநீர் இறைக்க வேண்டும். ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல்கட்ட முறையில் இது குறையும். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் சூடும் குறைந்துகொண்டே போகும். இந்தியாவுக்கே துளைக்கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் 3 கிலோமீட்டர் இறங்கும் ஆற்றல் கொண்டவை அல்ல. அதற்கு எண்ணெய்க் கிணறு தோண்டும் கோபுரம் வேண்டும்.

குறைந்த சூட்டிலும் நீரை வடிக்கலாம் என்பதைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் காட்டியிருக்கிறது. அழுத்தத்தை வளிமண்டலத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தால் 29 பாகை நீரே கொதிக்கும். இந்த வழியில் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நிலையமும், 2009-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தில் ஒன்றரை லட்சம் லிட்டர் நிலையமும் அமைந்தன. கவரத்தியில் ஆவியைக் குளிர்விக்க ஆழ்கடலின் 12 பாகை நீர் உண்டு. சேலத்தில் அந்தக் குளிரும் இல்லை. மாவட்டத்தில் கழிவு வெப்பம் மிகுந்த மேட்டூர் அனல்மின் நிலையமோ காவிரியின் நன்னீரை ஒட்டியே நிற்கிறது.

இன்று இப்பகுதி ஊர்களின் குடிநீர்த் தேவையைக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் ஆர்.ஓ. நிலையங்களும் கவனித்துக்கொள்கின்றன. நிலவெப்பத்தால் இயங்கும் உப்புநீக்க நிலையம் இரு மாவட்டங்களிலும் இல்லை.