வானை நோக்கிய பீரங்கி

பீரங்கி பிறந்து பல நூற்றாண்டுகள் வரை அதன் இலக்கு மண்ணிலோ கடலிலோதான் இருந்தது. கோட்டைச் சுவரும், அணிவகுத்து நின்ற படையும், கப்பலுமே அதற்குத் தெரிந்த பகைகள். அதனை வானை நோக்கித் திருப்பியவர் யார்? அவ்வாறு திருப்பியதால் காக்கப்பட்டவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் மாநகரை முற்றுகையிட்டன. எல்லாச் சாலைகளும் அடைபட்டுவிட, எஞ்சிய வழி வானம் ஒன்றே. பாரிஸ் மக்கள் பலூன்களில் கடிதங்களை அனுப்பினர். அக்டோபர் 7 அன்று அமைச்சர் கம்பெத்தாவே பலூனில் ஏறி முற்றுகையைக் கடந்தார். முற்றுகை முடிவதற்குள் 60க்கும் மேற்பட்ட பலூன்கள் பறந்து சென்றன. இவற்றை வீழ்த்தவென்றே ஜெர்மனியின் குருப் ஆலை, வண்டியின் மீது பொருத்தி எப்பக்கமும் திருப்பத்தக்க சிறு பீரங்கியைச் செய்து கொடுத்தது. அதனால் விளைந்த பயன் சிறிதே. பலூன்கள் இரவில் புறப்படத் தொடங்கியதும் அச்சிறு பயனும் குன்றிற்று. விமான எதிர்ப்புப் பீரங்கியின் மூதாதை இதுவே. அது முதலில் குறிவைத்தது குண்டு சுமந்து வந்த பகைவனையன்று. கடிதம் சுமந்து சென்ற பலூனை என்பதை நாம் மறத்தலாகாது.

வானிலிருந்து அழிவு வரக்கூடும் என்பதை உலகம் அறியாமலில்லை. பலூன்களிலிருந்து வெடிபொருள் எறிவதை 1899இல் ஹேக் மாநாடு ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்தது. 1907இல் அத்தடை புதுப்பிக்கப்பட்டபோது வல்லரசுகள் பல அதனை ஏற்கவில்லை.

அதன் விளைவை முதலில் கண்டது திரிப்போலி மண். 1911இல் உதுமானியப் பேரரசின் மீது போர் தொடுத்த இத்தாலி, அங்கே விமானங்களைக் கொண்டுவந்தது. நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி என்னும் விமானி, அயின் ஸாராவிலும் தாஜூராவிலும் நான்கு சிறு குண்டுகளை வீசினார். விமானத்திலிருந்து போரில் குண்டு வீசப்பட்டது அதுவே முதன்முறை. அங்கிருந்த துருக்கியரிடமும் அரபுகளிடமும் விமானம் இல்லை, இருந்தவை துப்பாக்கிகளே. அவற்றையே வானை நோக்கி உயர்த்தினர். 1912 ஜனவரி 31 அன்று தோப்ரூக் அருகே கேப்டன் மொந்து என்னும் இத்தாலியர் வானிலேயே குண்டடிபட்டார். வானம் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அத்தோட்டா உணர்த்தியது.

ஆயினும் பறப்பதை அடிப்பது எளிதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், குண்டு மேலே சென்று சேரும் பத்து நொடிக்குள் ஏறத்தாழ 280 மீட்டர் கடந்துவிடும். அது இருக்கும் இடத்தையன்று, இருக்கப்போகும் இடத்தையே குறிவைத்தாக வேண்டும். உயரத்தையும் வேகத்தையும் கணிக்கும் கருவிகளோ அன்று தக்கவாறு வளர்ந்திருக்கவில்லை.

இந்நிலையில்தான் 1915 செப்டம்பர் 30 அன்று செர்பியாவின் கிரகுயேவட்ஸ் நகரில், ரதோயே லியூதோவட்ஸ் என்னும் எளிய படைவீரர் பகை விமானம் ஒன்றைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தினார். அப்பீரங்கி இதற்கெனச் செய்யப்பட்டதன்று. 1912ஆம் ஆண்டு பால்கன் போரில் துருக்கியரிடமிருந்து கைப்பற்றப்பட்டுச் சிறிது மாற்றியமைக்கப்பட்டது! திரிப்போலியில் விமானத்தை எதிர்க்கத் துப்பாக்கியையே நம்பிய பேரரசின் பீரங்கி, பிறர் கையில் அவ்வெற்றியை ஈட்டியது வரலாற்றின் விந்தையன்றோ?

அதே ஆண்டு மே 31 இரவு ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல் லண்டன் மீது குண்டு பொழிந்தது. வீடுகளில் உறங்கியவர்கள் மாண்டனர். அதன்பின்னரே தலைநகரின் பாதுகாப்பு விரைந்து சீரமைக்கப்பட்டது. ஆனால் மேலே சென்று வெடித்த குண்டுகளின் சிதறல்கள் தம் மக்களின் தலைமீதே விழுந்தன.

முதல் வினாவுக்கு விடை தெளிவு: வானைத் தன் வசமாக்கியவனுக்கு அஞ்சியவனே பீரங்கியைத் திருப்பினான். இரண்டாம் வினாவின் விடையோ துயரமானது. பீரங்கி சிலரைக் காத்தது. ஆனால் எப்பொழுதும் முதல் குண்டு விழுந்த பின்னரே வந்து சேர்ந்தது. ஹேக் நகரில் எழுதப்பட்ட அந்தத் தடையை அரசுகள் ஏற்றுப் போற்றியிருந்தால், மண்ணில் வாழும் மனிதன் அஞ்சாமல் வானை நோக்கியிருப்பான்.