ரூபிக்கன் மலைப்பாதையும் ஜீப் கழகங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சியெரா நெவாடா என்னும் மலைத்தொடரின் குறுக்கே ரூபிக்கன் எனப் பெயர் பெற்ற பாதை ஒன்று செல்கின்றது. அதனைப் பாதை என்று கூறுதல் ஒருவகை உபசார வழக்கே. ஜோர்ஜ்ரவுன் என்னும் சிற்றூருக்கு அப்பாலுள்ள காட்டிலே தொடங்கித் தாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் இவ்வழி ஏறக்குறைய 22 மைல் நீளமுடையது. அதில் ஏறத்தாழ 12 மைல் தூரத்துக்குத் தாரும் இல்லை, சல்லியும் இல்லை. பெருங் கருங்கற்களையும், வழுக்குப் பாறைகளையும், பனி உருகி ஓடும் சிற்றாறுகளையும் கடந்தே செல்லல் வேண்டும். நடந்து செல்பவன் வண்டியில் வருபவனை முந்திவிடுதல் அங்கே வியப்பன்று. எனினும் நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டியை உடையோர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டுவர விரும்பும் இடமாக அது விளங்குகின்றது. அதனை மூடவிடாது காத்த வரலாற்றிலே வெற்றிக் கிண்ணங்களுக்கு இடமில்லை. மண்வெட்டிக்கும் மலசலகூடத்துக்கும் பேரிடம் உண்டு.

இத்தடம் மோட்டார் வண்டிக்கென அமைந்ததன்று. மலையின் இருபுறத்தும் வாழ்ந்த பழங்குடி மக்கள் பண்டமாற்றின் பொருட்டுக் கால்நடையாய்க் கடந்த வழி அது. 1848ஆம் ஆண்டில் அப்பகுதியைச் சேர்ந்த கொலோமாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டதும் மலைச்சாரல் எங்கும் பொன் தேடுவோர் பெருகினர். ஜோர்ஜ்ரவுனும் அக்காலத்தில் எழுந்த ஊரே. பின்னர் மலைநடுவிலிருந்த தாதுநீர் ஊற்றுக்கள் புகழ்பெற, அவற்றின் அருகே விடுதியொன்றும் தோன்றிற்று. நீரருந்தி நலம் பெற விரும்பினோர் குதிரை வண்டிகளிற் குலுங்கிக் குலுங்கி அங்கே சென்றனர். 1887ஆம் ஆண்டில், எல் டொராடோ கவுண்டி எனப்படும் அவ்வட்டாரத்தின் உள்ளூராட்சிச் சபை இத்தடத்தைப் பொதுவீதி என்று பிரகடனஞ் செய்தது. காலம் மாறியது, விடுதி அழிந்தது, ஊற்றைத் தேடி வருவோரும் அருகினர். வீதி என்னும் பெயர் மாத்திரம் ஏட்டிலே எஞ்சியது. அப்பெயரே பிற்காலத்தில் அப்பாதையின் உயிர்நாடியாகுமென்று அன்று எவரும் கருதியிரார்.

அதற்குப் புத்துயிர் அளித்தது போர்க்களத்துக்கெனப் பிறந்த ஒரு வண்டி. 1940ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தரைப்படை, வேவு பார்த்தற்கேற்ற சிறிய வண்டியொன்றை விரும்பி, மாதிரி வண்டியைச் செய்து முடிக்க 49 நாள் தவணை கொடுத்தது. பாண்டம் என்னும் சிறிய கம்பனி அத்தவணைக்குள் அதனைச் செய்து கொடுத்தது. ஆயின் பெருந்தொகையாகச் செய்யும் வேலை விலிஸ், போர்ட் ஆகிய பெருங் கம்பனிகளுக்கே போயிற்று. உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்பது கைத்தொழில் வரலாற்றிலும் காணப்படும் செய்தியே. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. சாதாரண வண்டியில் எஞ்சினின் வலு இரண்டு சில்லுகளுக்கே செல்லும். ஜீப்பிலோ, ஒரு நெம்புகோலை அசைத்தால் முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்றை அசைத்தால் வேகம் குறைந்து இழுவை மிகும். ஆமையைப் போல் ஊர்ந்தும் ஆட்டைப் போல் ஏறியும் செல்லும் இத்திறனே பாறை வழிகளைத் திறந்துவிட்டது. 1945ஆம் ஆண்டில் விலிஸ் கம்பனி அதனை உழவர்க்கென்றும் செய்து விற்கத் தொடங்கியது. வேலை நாளில் ஏரிழுத்த வண்டி ஓய்வு நாளில் மலையேறிற்று.

ஜோர்ஜ்ரவுன் அந்நாளில் மரத்தொழிலையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஊர். ஊருக்கு வேறொரு வருவாயும் வேண்டுமென எண்ணிய பிரமுகர் சிலர், பழைய மலைவழியே ஜீப் பயணமொன்றை ஒழுங்கு செய்யலாமெனத் துணிந்தனர். அவருள் ஒருவர் மார்க் ஸ்மித். பிற்காலத்தில், 1978, 1979ஆம் ஆண்டுகளிலே, தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து அலாஸ்காவின் வட கரைவரை ஜீப்பிலே சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் 55 ஜீப்புகளிலே 155 பேர் புறப்பட்டனர். ஜீப்பர்ஸ் ஜம்போரி எனப்படும் அப்பயணம் அன்று முதல் ஆண்டு விழாவாயிற்று.

இத்தகைய இடங்களிலே தனியே செல்லுதல் மடமை. ஒரு வண்டி பாறையிடுக்கிற் சிக்கினால் அதனை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். ஆகவே கூட்டமாய்ச் செல்லும் வழக்கம் எழுந்தது. அவ்வழக்கத்திலிருந்தே கழகங்கள் பிறந்தன. 1959ஆம் ஆண்டிலே கலிபோர்னியக் கழகங்கள் ஒன்றுகூடி மாநிலச் சங்கம் ஒன்றை அமைத்தன. ஒருவருக்கொருவர் கைகொடுப்பதே அவற்றின் முதல் நோக்கம். நிலத்தைப் பற்றிய கவலை பின்னர் வந்தது.

அந்நாட்டின் நிலவுரிமையை அறியாது இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது. ஐக்கிய அமெரிக்காவிலே நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம், ஏறக்குறைய 64 கோடி ஏக்கர், மத்திய அரசாங்கத்துக்குரியது. அதிற் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலேயே உள்ளது. காடுகளை 1905ஆம் ஆண்டில் அமைந்த வனச் சேவை பராமரிக்கின்றது. பாலைகளையும் புல்வெளிகளையும் 1946ஆம் ஆண்டில் அமைந்த நிலப் பராமரிப்புப் பணியகம் நிருவகிக்கின்றது. இந்நிலம் எவர்க்கும் உரியதாதலின், மரம் வெட்டுவோனும், மாடு மேய்ப்போனும், சுரங்கம் தோண்டுவோனும், வேட்டைக்காரனும், கால்நடையாய் மலையேறுவோனும் அதன்மேல் உரிமை பாராட்டினர். இவ்வரிசையிலே இறுதியாக வந்து சேர்ந்தவர் ஜீப் உடையோர். யூட்டா மாநிலத்து மோவாப் நகரைச் சூழ்ந்த செம்பாறை நாட்டிலே, 1950களில் யுரேனியம் தேடுவோர்க்கென வெட்டப்பட்ட தடங்கள் சுரங்க வேலை ஓய்ந்ததும் இவர்கள் கைக்கு வந்தன. 1967ஆம் ஆண்டிலே அந்நகர வணிகர் சங்கம் தொடங்கிய ஈஸ்டர் காலப் பயணம் இன்று பல நாள் விழாவாய் வளர்ந்துள்ளது.

வண்டிகள் பெருகவே நிலத்தின் காயங்களும் பெருகின. பாலை நிலத்தைப் பார்ப்போர், வெறும் மணல்தானே, அதற்கென்ன கேடு என்று எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. பாலையின் மேற்பரப்பிலே நுண்ணிய பாசிகளும் பூஞ்சணங்களும் பின்னிய மெல்லிய தோல் ஒன்று உண்டு. காற்றும் மழையும் மண்ணை வாரிச் செல்லாது தடுப்பது அத்தோலே. ஒரு சில்லு ஒருமுறை அழுத்தினாலும் அது சிதையும். மீண்டும் உருவாகப் பல்லாண்டு செல்லும். 1942ஆம் ஆண்டில் தளபதி பாற்றன் கலிபோர்னியப் பாலையிலே தாங்கிப் படைக்குப் பயிற்சி தொடங்கினார். அத்தாங்கிகள் உழுத தடங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதே பாலையிலே பார்ஸ்ரோவிலிருந்து லாஸ் வேகஸ் நோக்கி 1967ஆம் ஆண்டிலே தொடங்கிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 1974ஆம் ஆண்டளவிலே ஏறக்குறைய 3,000 பேர் பாய்ந்தனர். அதனால் விளைந்த சேதத்தைக் கண்ட பணியகம் மறு ஆண்டு அனுமதி மறுத்தது.

இதற்கு முன்னரே, 1972ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், ஜனாதிபதி நிக்சன் கட்டளையொன்றைப் பிறப்பித்திருந்தார். நாட்டிலே வீதி கடந்து ஓடும் பொழுதுபோக்கு வண்டிகள் 50 இலட்சம் என மதிப்பிட்ட அக்கட்டளை, பொது நிலங்களில் அவை செல்லத்தக்க இடம் இது, செல்லத்தகாத இடம் இது என வரையறுக்குமாறு திணைக்களங்களைப் பணித்தது. 1977ஆம் ஆண்டில் ஜனாதிபதி கார்ட்டர் அதனை மேலும் இறுக்கினார்: கடுஞ்சேதம் விளையும் இடத்தை உடனே மூடல் வேண்டும் என்றார். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி வனாந்தரம் எனப் பிரித்து வைக்கப்பட்ட நிலங்களிலே மோட்டார் வண்டிக்குச் சிறிதும் இடமில்லை. அந்நிலங்களின் பரப்பும் காலந்தோறும் விரிந்தது.

கழகங்கள் கலங்கின. சில வழக்காடின, சில அரசியல்வாதிகளை நாடின. வேறு சில, தம்மவர் செய்யும் கேட்டைத் தாமே நிறுத்தாவிடின் தடம் ஒன்றும் எஞ்சாது எனக் கண்டன. தடங்களைத் தத்தெடுத்துக் குப்பை அகற்றவும், அரித்துச் சென்ற சரிவுகளிலே நீர் வடியக் கால் வெட்டவும், குறுக்குவழிகளை மரக்குற்றியிட்டு அடைக்கவும் அவை முற்பட்டன. இதனைச் சுயநலம் என்பாரும் உளர். சுயநலம் இருந்தது உண்மையே. ஆயின் அதனால் அகன்ற குப்பையின் அளவு குறைந்துவிடவில்லை. 1985ஆம் ஆண்டில் வனச் சேவை, மென்மையாய் மிதியுங்கள் என்னும் பொருளுடைய பெயரால் ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. 1990ஆம் ஆண்டில் அது அரசாங்கத்தின் கையைவிட்டுத் தனி நிறுவனமாயிற்று. அனுமதிக்கப்பட்ட தடத்தை விட்டகலாமை, பிறர் உரிமையை மதித்தல், புறப்படுமுன் வழியை அறிந்துகொள்ளுதல், ஈரநிலத்தையும் புல்வெளியையும் தவிர்த்தல், கண்ட குப்பையை எடுத்துவருதல் என்பனவே அதன் போதனை.

இப்போதனையிலே புதியவர்க்கு விந்தையாய்த் தோன்றும் பகுதியொன்று உண்டு. வழியிலே பெரும்பாறை கிடந்தால் அதனைச் சுற்றிச் செல்லுதலே நல்லது என்று எவரும் எண்ணுவர். கழகங்களோ, ஏறிக் கடந்து செல், இயலாவிடின் திரும்பிப் போ என்கின்றன. ஏனெனில் பாறையைச் சில்லு தேய்த்தாற் கெடுவது பெரும்பாலும் சில்லே. பக்கத்துப் புல்லிலே ஒருவன் சுற்றினால் மறுநாள் பத்துப்பேர் சுற்றுவர். ஒரு தடம் மூன்று தடமாகும். மாரியிலே அம்மூன்றும் ஓடையாகும். ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது விரிந்து பாறையைப் பற்றும். சில்லு வீணே சுழன்று மண்ணைக் கிளறாது. கடினமான வழியே நிலத்துக்கு இலகுவான வழி என்னும் இந்த முரண், சாரதியின் திறமையையும் நிலத்தின் நலத்தையும் ஒருங்கே பிணைத்துவிட்டது.

மீண்டும் ரூபிக்கனுக்கு வருவோமாயின், அங்கே பாதையை மூடும் அபாயம் சில்லினால் மாத்திரம் வந்ததன்று. வருவோர் தொகை பெருகிற்று; கரடுமுரடான பாறையிடையே இராத் தங்குவோர் பெருகினர்; மலசலகூடமோ மிக அரிது. மண் ஆழமற்ற கருங்கல் நிலத்திலே மலத்தைப் புதைக்கவும் இயலாது. 2001ஆம் ஆண்டில், ரூபிக்கனின் நண்பர்கள் என்னும் பெயரோடு கழகத்தவரும் தனி ஆட்களும் தொண்டர் அணியொன்றாய்த் திரண்டனர். எனினும் 2004ஆம் ஆண்டில் ஸ்பைடர் ஏரியைச் சூழ்ந்த பகுதி சுகாதாரக் கேட்டின் காரணமாக மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மாநிலத்தின் நீர்த்தரச் சபை, மண்ணரிப்பையும் எண்ணெய்க் கசிவையும் மலக்கழிவையும் சீர் செய்யுமாறு கவுண்டிக்கும் வனச் சேவைக்கும் ஆணையிட்டது.

1887ஆம் ஆண்டின் தீர்மானம் இங்கேதான் இருமுனைக் கத்தியாயிற்று. வனத்திலுள்ள வேறு தடங்களைப் போல ரூபிக்கனை எளிதில் அடைத்துவிட முடியாதிருந்தது, அது கவுண்டியின் பொதுவீதியாதலால். அவ்வாறே, வீதி உன்னுடையதாயின் அதன் அழுக்கும் உன்னுடையதே என்று ஆணை கவுண்டியின் வாயிலுக்கு வந்ததும் அதனாலேயே. பணமும் ஆட்களும் போதாத உள்ளூராட்சிக்குத் தொண்டர்களின் தோள்வலி அப்போது பெருந்துணையாயிற்று. நீர் பாய்ந்து அரித்த இடங்களிலே கல் பரப்பப்பட்டது; சிற்றாற்றின்மேற் பாலம் எழுந்தது; மலசலகூடங்கள் அமைந்தன. கோடை வார இறுதிகளிலே லூன் ஏரியருகே பாதை தொடங்குமிடத்திற் தொண்டர்கள் நின்று, உள்ளே செல்லும் வண்டிகளுக்கு இரண்டு பொருள்களை வழங்கலாயினர். ஒன்று, எஞ்சின் பாறையில் மோதி எண்ணெய் கசிந்தால் அதனை உறிஞ்சியெடுக்கும் துணிப்பொதி. மற்றையது, தன் கழிவைத் தானே கட்டி ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்கான பை.