தாராவிச் சிறுமியரின் முதல் நிரல்மொழி

பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது பைத்தானா, சி மொழியா? விண்டோஸா, லினக்ஸா? படித்த நடுத்தர வர்க்கத்தில் ஓயாமல் நடக்கும் இவ்விவாதம், வீட்டில் ஒரு கணினி இருக்கிறது என்னும் அனுமானத்தின் மேல் நிற்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே வாழும் தாராவியில் அக்கேள்விக்கு விடை வேறு வழியில் வந்தது.

இந்தியப் பள்ளிகளில் முதல் தேர்வை இயந்திரமே செய்தது. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்கீழ், முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. இயக்கியவுடன் திரையில் பேசிக் மொழி காத்திருக்கும். மாணவர் தேர்ந்தெடுக்க வேறெதுவும் இல்லை. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் குர்ட்சும், அறிவியல் பயிலாத மாணவரையும் கருத்தில் கொண்டு உருவாக்கிய மொழி அது. பின்னர் 2001இல் மகாராஷ்டிரத்தில் எம்எஸ்-சிஐடி சான்றிதழ்ப் படிப்பு வந்தது. விண்டோஸும் ஆபீஸ் மென்பொருள்களும் அதன் உள்ளடக்கத்தில் முக்கிய இடம் பெற்றன. அரசு வேலைக்கு அச்சான்றிதழ் உதவியதால் செம்பூரிலும் தாராவியிலும் பெற்றோர் அதை நாடியதில் வியப்பில்லை, குறைகூறவும் இடமில்லை. ஆனால் 'கம்ப்யூட்டர் கற்பது' என்பதன் பொருள், பிறர் எழுதிய நிரலை இயக்கப் பழகுவது என்று சுருங்கிப்போனது.

இந்நிலையை மாற்றிய கருவி ஏறத்தாழப் பிறந்தவுடனே மறைந்திருக்கும். எம்ஐடி பேராசிரியர் ஹால் ஏபெல்சனின் முன்முயற்சியில் கூகுள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆப் இன்வென்டர், வண்ணத் துண்டுகளைப் பொருத்தியே ஆண்ட்ராய்டு செயலியை உருவாக்க வழிசெய்தது. 2011 இறுதியில் கூகுள் அதைக் கைவிட்டது. மூல நிரல் திறந்த உரிமத்தில் வெளியானது. 2012இல் எம்ஐடி அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. பழைய பதிப்பில் துண்டுகளைப் பொருத்தக் கணினியில் ஜாவா தேவைப்பட்டது. 2013 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அனைத்தும் உலாவிக்குள் அடங்கின. எந்த இயங்குதளம் என்னும் கேள்வி அத்தோடு பெரும்பாலும் வலுவிழந்தது. பழைய மடிக்கணினி ஒன்றும் இணையமும் போதும். செய்ததைச் சோதித்துப் பார்க்க மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்று.

2014இல் ஆவணப்பட இயக்குநர் நவ்நீத் ரஞ்சன் தாராவியின் நயா நகரில் 'தாராவி டைரி' முயற்சியைத் தொடங்கியபோது இக்கருவி ஆயத்தமாக இருந்தது. திருநெல்வேலித் தமிழர் முதல் சௌராட்டிரக் குயவர் வரை பல மொழியினர் நெருங்கி வாழும் பகுதியில், ஆங்கிலக் கட்டளைகளைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டாம் என்பதே பெரிய விடுதலை. அங்குச் சிறுமியர் உருவாக்கிய செயலிகளுள் 'விமன் ஃபைட் பேக்' ஆபத்து நேரத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும். குறுஞ்செய்தியும் இருப்பிடமும் அனுப்பும். 'படாய்' கல்விக்கானது. 'பானி ஹை ஜீவன்' பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தி, முறை வந்ததும் அறிவிக்கும். கணினியியல் பாடநூல் 'வரிசை' என்னும் தரவுக் கட்டமைப்பை வெகு தாமதமாகவே அறிமுகம் செய்கிறது. குடத்துடன் காத்து நின்ற பிள்ளைகளுக்கு அது புதிதன்று.

துண்டுகளைப் பொருத்துவது நிரலாக்கமே அன்று என்போர் உண்டு. மாறி, நிபந்தனை, மடக்கு யாவும் அதில் உள்ளன. பொத்தானைத் தொட்டால் என்ன நிகழவேண்டும் எனத் தொடங்கும் நிகழ்வுவழிச் சிந்தனையோ, பேசிக் பயின்ற தலைமுறைக்குத் தொடக்கத்தில் வாய்க்காதது. உண்மையான குறை வேறு. உலாவியில் வாழும் கருவிக்கு இணையம் வேண்டும். அது இல்லாத நாளில் பாடமும் நிற்கும். மூல நிரல் திறந்திருப்பதால் உள்ளூர் வழங்கியிலேயே அதை நிறுவ முடியும். அதற்கு வேண்டியது இன்னொரு மொழி அன்று. வழங்கியைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர்.