ரீட்லிங்க்: குறியீட்டு இணைப்பைப் படிக்கும் அமைப்பு அழைப்பு

ரீட்லிங்க் என்பது யுனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களில், ஒரு குறியீட்டு இணைப்புக்குள் எழுதப்பட்டுள்ள பாதையைப் படித்துத் தரும் அமைப்பு அழைப்பு ஆகும். ஒரு நிரல் தன்னால் நேரடியாகச் செய்ய இயலாத பணியைக் கருனியிடம் (கெர்னல்) கேட்டுப் பெறுவதே அமைப்பு அழைப்பு எனப்படும்.

குறியீட்டு இணைப்பு

திருமழிசைக்கு மகீசார க்ஷேத்திரம் என்ற பெயரும் உண்டு. ஓர் அகராதியில் "மகீசார க்ஷேத்திரம் – காண்க: திருமழிசை" என்று இருந்தால், அப்பதிவில் ஊரைப் பற்றிய செய்தி எதுவும் இராது, எங்கே பார்ப்பது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். குறியீட்டு இணைப்பும் இத்தகையதே. ஓப்பன் என்னும் அழைப்பு அக்குறிப்பின்படி சென்று உரிய கோப்பைத் திறக்கும். ரீட்லிங்க் அங்கே செல்லாது. குறிப்பை மட்டும் படித்துக் கூறும். எனவே, சுட்டப்படும் கோப்பு அழிக்கப்பட்டிருந்தாலும் இது விடை தரும்.

வரலாறு

1960களில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இத்தகைய இணைப்புகள் இருந்தன. தொடக்ககால யுனிக்ஸில் வன் இணைப்பு மட்டுமே இருந்தது. அதனால் ஒரு கோப்பு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புத் தர இயலவில்லை. இக்குறையைப் போக்க, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி பதிப்பில் குறியீட்டு இணைப்பும் ரீட்லிங்க் அழைப்பும் இடம்பெற்றன. லினக்ஸில் இவை 1992இல் வெளியான 0.12 பதிப்பில் வந்தன.

செயல்படும் முறை

இவ்வழைப்புக்கு மூன்று உள்ளீடுகள் தேவை: இணைப்பின் பெயர், விடையை எழுதுவதற்கான நினைவக இடம், அவ்விடத்தின் அளவு. எழுதப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கை விடையாகத் திரும்பும். பிழை நேர்ந்தால் -1 திரும்பும்.

இங்கே இரண்டு செய்திகளை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, சி மொழியில் சரத்தின் முடிவைக் காட்டும் சுழியை ரீட்லிங்க் சேர்ப்பதில்லை. நிரலரே சேர்க்க வேண்டும். இரண்டாவது, 20 பைட்டு நீளமுள்ள பாதைக்கு 10 பைட்டு இடம் மட்டும் ஒதுக்கினால், முதல் 10 பைட்டு எழுதப்பட்டு 10 என்ற எண் திரும்பும். பிழைச் செய்தி வராது. இப்படித் துண்டிக்கப்பட்ட பாதை வேறொரு கோப்பின் பெயராக அமைந்துவிட்டால், நிரல் தவறான கோப்பை அழித்துவிடக்கூடும். திரும்பிய எண் ஒதுக்கிய அளவுக்குச் சமமாக இருந்தால், இடத்தைப் பெரிதாக்கி மீண்டும் அழைப்பதே முறை.

தமிழ்நாட்டில்

சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் நிறுவப்பட்டிருந்தது. அதில் "எல்எஸ் -எல்" கட்டளையைத் தட்டினால், இணைப்பின் பெயருக்கு அருகில் ஓர் அம்புக்குறியும் அது சுட்டும் பாதையும் தோன்றும். அந்தப் பாதையைப் படித்துத் தருவது ரீட்லிங்க் அழைப்பே.