பேரப்பிள்ளைகள் புலம்பல்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் காலமாகி 31ஆம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் கிரியை முடித்து வந்து, வீட்டில் பந்தியும் முடிந்து எழும்பும்போது கையில் ஒரு மெல்லிய புத்தகம் தருவார்கள். அதுதான் கல்வெட்டு. முதலில் இறந்தவரின் படம், விநாயகர் காப்பு, திதி வெண்பா. பிறகு ஊர்ச் சிறப்பு, வம்ச வரலாறு. அதன் பின் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று முறைப்படி புலம்பல். சிவபுராணமும் இருக்கும், நன்றி நவிலலும் இருக்கும். திதி வெண்பா வெறும் அலங்காரம் அல்ல. ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி நாலும் நாலடிக்குள் அடங்கிவிடும்; அடுத்த வருடத் திவசத்துக்கு நாள் பார்க்க அது போதும்.

செத்தவரைப் பாடுவது தமிழுக்குப் புதிதா என்ன? பறம்பை இழந்த பாரி மகளிரின் பாட்டு புறநானூற்றில் 112ஆவது. ஆனால் அவர்கள் அரசன் பிள்ளைகள். சாதாரணக் கமக்காரனின் சாவுக்கும் பாட்டு, அதுவும் வீட்டுக்கு வீடு பிரதி என்றால் அச்சுக்கூடம் வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் நடத்தியது; 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பிறகு சின்னச் சின்ன அச்சகங்கள் பெருகின.

எங்கள் ஊரில் கல்வெட்டுப் பாடியவர் இளைப்பாறிய தமிழ் வாத்தியார். எட்டுச் செலவு முடிந்த கையோடு கொப்பியும் பேனையுமாகச் சைக்கிளில் வருவார். திண்ணையில் இருந்து கேட்கத் தொடங்குவார்: தாய்வழி எந்த ஊர், எந்தக் கோயிலில் உபயம், மூத்தவள் பிறந்தது எப்போது? "அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலுக்கு முந்தி" என்று ஒருவர் சொல்ல, "இல்லை, புயலுக்குள்ளைதான் வயித்துவலி கண்டது" என்று குசினிக்குள்ளிருந்து இன்னொரு குரல் திருத்தும். ஒரு வாரமாக வாய் திறக்காதவர்களும் அப்போது பேசுவார்கள். என் கணிப்பில் கல்வெட்டின் உயிர் அந்த விசாரணைதான். அச்சில் வரும் புலம்பல் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. எங்கள் அப்பப்பாவும் அதில் மிட்டாய் வாங்கி வந்து தோளில் தூக்கிக் கொஞ்சினார். காசை அவிழ்க்காத மனுஷன்!

1990களின் பொருளாதாரத் தடையில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தன; கல்வெட்டைச் சொல்லவா வேண்டும்? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அலமாரியோடு விட்டுவந்த கல்வெட்டுகள் எத்தனையோ. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்போது நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். ஓர் ஊரின் குடும்பங்களைத் தேடுபவருக்கு அவற்றைவிட நல்ல ஆவணம் குறைவு.

அம்மம்மா மோசம்போனபோது வாத்தியார் இல்லை. பேரப்பிள்ளைகள் பக்கத்தை வசனத்திலேயே நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். 'பாசத்தின் சிகரம்', 'அணையா விளக்கு' என்று எழுதி நிரப்பிய வரையில் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வாத்தியாரின் வழியில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சான் மச்சாள்மாரை ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக் கேட்டேன். எல்லோரும் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியில் வந்து நின்றார்கள். பனையோலையில் இழைத்தது, வெற்றிலைச் சாயம் ஏறியது. உள்ளறையிலிருந்து நாலாக மடித்த ஒரு காசுத்தாளை எடுத்து உள்ளங்கையில் அமுக்கி, "மற்றவைக்குச் சொல்லாதை, உனக்கு மட்டும்தான்" என்பா. எல்லோருக்கும் அதே வசனம்! மூன்றாவது ஆள் அதைச் சொன்னபோது போனை வைத்துவிட்டு அழுதேன்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்வெட்டிலை உதெல்லாம் போடுறதே?" என்றார். அச்சகக்காரருக்கு வேறு பிரச்சினை. பக்கக் கணக்கு மிஞ்சிவிட்டது. "சிவபுராணத்திலை கை வைக்கேலாது தங்கச்சி, உங்கடையைத்தான் குறைக்கவேணும்." சிகரத்தையும் விளக்கையும் வெட்டினேன்; கொட்டப்பெட்டி அச்சேறியது. ரொறன்ரோ மச்சானுக்குத்தான் இன்னும் கோபம்: கடைக்குட்டி என்பதால் தனக்கு மட்டுமே கிடைத்தது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தானாம்.